ஐயா வந்து பார்க்கும் வரை

நாணல்திடலில் உத்திராபதி இறந்த அன்று இடியோ காற்றோ இல்லை. நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து வாசல் கட்டிலில் சாய்ந்து கிடந்தவர், "பவுனு, ஒரு வாய் தண்ணி கொடு" என்று கேட்டார். அவர் மனைவி பவுனம்பாள் செம்பைக் கழுவித் தண்ணீர் மொண்டு வருவதற்குள் போய்விட்டார். நாற்பது வயதுதான். மகள் வேம்பு அப்போது அவர் வயிற்றின்மேல் தலைவைத்துத் தூங்குகிற வயதில் இருந்தாள். அன்று மதியமும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்பித்தான் அவரை எடுத்துப் படுக்கவைக்க வேண்டியிருந்தது.

நாணல்திடலுக்கும் அதன் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு வடிகால் ஓடுகிறது. ஒரு காலத்தில் அது சின்ன ஓடையாக இருந்தது, மேலே பனைமரத்தைப் பிளந்து போட்டு நடந்தார்கள். பிறகு பொதுப்பணித் துறையின் இயந்திரங்கள் வந்து ஓடையை அகலமாக்கி ஆழமாக்கின; பனைமரத்தை எடுத்துக் கரையில் போட்டுவிட்டு, பாலம் வேறு துறை கட்டும் என்று சொல்லி, வந்த வழியே போயின. சுற்றுவழி ஒன்று உண்டு, அது மேலத்தெரு வழியாகப் போகிறது. நாணல்திடலின் பிணங்களை மேலத்தெரு ஒருநாளும் விட்டதில்லை. ஆகவே இறந்தவர்களை எல்லாம் நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கி, பாடையைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்து, மூங்கில் வழுக்காமல் சேற்றில் கால் வழுக்காமல் அக்கரை சேர்த்தார்கள். உத்திராபதியின் தாயார் போனபோது மட்டும் கால் வழுக்கிவிட்டது. தண்ணீர் அவளைக் கொண்டுபோய், மறுநாள்தான் மதகில் திருப்பிக் கொடுத்தது.

அதற்குப்பின் உத்திராபதி பாலம் கேட்டு மனு எழுதத் தொடங்கினார். தண்ணீர் எங்களுடையது, தண்ணீருக்கு மேலே இருப்பது எங்களுடையதல்ல என்றது பொதுப்பணித் துறை. கரை இரண்டும் எங்களுடையவை, நடுவில் இருப்பது எங்களுடையதல்ல என்றது ஒன்றிய அலுவலகம். அந்த இருவரும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றது தாலுகா அலுவலகம். உத்திராபதி மூன்று இடத்துக்கும் கோபப்படாமல் நடந்தார். அரசாங்கத்தின் சொல்லில் அவருக்கு அவ்வளவு மரியாதை. தாலுகா அலுவலகத்துக்குப் போகும் நாளில் மட்டும் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொள்வார். ஒருமுறை, "அந்த வேப்பமரத்தடியில நில்லு, கூப்பிடறேன்" என்று ஒரு அதிகாரி சொல்லிவிட்டு மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலகத்தைப் பூட்டிய பிறகும், விளக்கு வைத்த பிறகும், உத்திராபதி அந்த மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார், பவுனம்பாள் தேடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வரும்வரை.

அப்படிப்பட்டவர் இறந்துவிட்டார் என்று சொல்லத் தெருவின் நாட்டாமை அஞ்சான் தாலுகா அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனார். வருவாய் ஆய்வாளர் நல்ல மனிதர். மனு கொடுத்தவரே போய்விட்டார் என்று கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எடுத்துடாதீங்க. நாளைக்குக் காலையில நானே நேர்ல வந்து பார்க்கிறேன். நீங்க தண்ணியில தூக்கிட்டுப் போறத என் கண்ணால பார்த்து, போட்டோ எடுத்து ரிப்போர்ட் போட்டா, பாலம் வந்துடும். நான் வந்து பார்க்கும்வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அஞ்சான் திரும்பிவந்து, உத்திராபதியின் தலைமாட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். உத்திராபதியும் கேட்டார்.

மறுநாள் காலை ஆய்வாளர் வரவில்லை. முந்தின நாள் மாலையே அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் வந்திருந்தது. வெயில் ஏறியது, கூடியிருந்தவர்கள் மூக்கைத் துணியால் மூடத் தயாரானார்கள், ஆனால் நாற்றம் எதுவும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. உத்திராபதியின் கழுத்தில் போட்ட சாமந்தி மாலை வாடவில்லை, ஒரு ஈகூட அவர்மேல் உட்காரவில்லை, நெற்றியில் வைத்த காசு அதே பளபளப்போடு இருந்தது. கோவிந்தம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மனுசன் காத்திருக்காரு" என்றாள். அதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படவில்லை. உயிரோடிருந்தபோது செய்ததைத்தானே செய்கிறார் என்று தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அதன்பின்தான் சிக்கல் தொடங்கியது. தெருவில் பிணம் கிடக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக் கூடாது என்பது நாணல்திடலின் வழக்கம். முதல் சில நாள் பக்கத்து ஊர் உறவுக்காரர்கள் சோறு கொண்டுவந்தார்கள். அவர்களும் எத்தனை நாள் கொண்டுவருவார்கள்? ஒரு சாயங்காலம் அஞ்சான் தெருவைக் கூட்டினார். ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில், தெருக்கோடித் தாழைவேலிக்கு அந்தப்பக்கம் தெரு இல்லை, அங்கே அடுப்பு மூட்டினால் குற்றமில்லை என்று முடிவாயிற்று. விளக்கு வைப்பதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். மறுநாள் விடியும்போது வேலிக்கு அந்தப்பக்கம் அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்திக்குத் தெரிந்தது. உப்புக் கடன் கேட்க நடக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லாதிருந்த ஓரகத்திகள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் அடுப்பு எரிவதைப் பார்த்திராத குழந்தைகள் நாணல்திடலில் பிறந்து வளர்ந்தார்கள், சோறு என்பது வயல்வரப்பில் விளைவது என்று நினைத்துக்கொண்டு.

கீற்றுப் பந்தலை ஆண்டுதோறும் மாற்றிக் கட்டினார்கள். பறை அடிப்பவர் முதலில் நாள் முழுக்க அடித்தார், பிறகு காலையிலும் மாலையிலும், பிறகு வேலைக்குப் போகும் வழியில் நின்று ஒரே ஒரு அடி. ஒப்பாரிதான் முதலில் தீர்ந்துபோனது. அவர் குணத்தை எல்லாம் பாடியாயிற்று, அவர் நடந்த நடையை எல்லாம் பாடியாயிற்று, இனிப் பாட என்ன இருக்கிறது என்று பெண்கள் தலைமாட்டில் உட்கார்ந்து யோசித்தார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையாக இல்லாததால் அன்றைய செய்தியைப் பாடத் தொடங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் விட்டதை, விதைநெல் முளைக்காமல் போனதை, கோவிந்தம்மாவின் மாடு இரட்டைக் கன்று போட்டதை, மூக்கைச் சிந்திக்கொண்டே ராகத்தோடு அவருக்குச் சொன்னார்கள். உண்மையை மட்டுமே சொன்னார்கள். பிணத்தின் முன் பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று அந்தத் தெருவில் நம்பிக்கை உண்டு. தேர்தல் வந்தபோது கட்சிக்காரர்கள்கூட அவருக்கு மாலை போட்டுக் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பாலத்தைப் பற்றிய பேச்சைத் தெருமுனைக்குப் போய்த்தான் பேசினார்கள்.

பவுனம்பாள் சும்மா இருக்கவில்லை. புதிய ஆய்வாளரிடம் போனாள். "அது பழைய ஆர்.ஐ. சொன்ன வார்த்தை, அதுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு?" என்றார் அவர். "அப்ப எடுத்துடலாமுன்னு நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க ஐயா. ஐயா வார்த்தைக்குத்தான் கட்டுப்பட்டுக் கெடக்காரு." "நான் வந்து பார்க்காம எப்படிச் சொல்ல முடியும்?" "அப்ப வந்து பாருங்க ஐயா." "வர்றேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க." அவருக்குப் பின் வந்தவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் மட்டும் ஒருமுறை வந்தார். "நான் பார்த்தது கணக்கில வராதும்மா" என்று வருத்தப்பட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். இறப்புச் சான்றிதழ் கேட்டபோது, "எரிச்சாச்சா? புதைச்சாச்சா? ரெண்டும் இல்லைன்னா எதை வச்சு எழுதறது?" என்று கேட்டார்கள். ஆகவே குடும்ப அட்டையில் உத்திராபதி இருந்தார், அவர் பங்குச் சர்க்கரை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது, பவுனம்பாள் அதை ஒரு டப்பாவில் தனியாகப் போட்டுவைத்து எறும்புக்குத் தூவினாள்.

இப்படியே நடவும் அறுப்பும் மாறிமாறி வந்தன. வேம்பு பல் விழுந்து முளைத்து, அரைப்பாவாடை முழுப்பாவாடையாகி, பாவாடை தாவணியாகி, தாவணி சேலையாகி வளர்ந்து நின்றாள். பள்ளிக்கூடப் பாடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். காலையில் முதல் வேலையாக அவர் தலையை வாரிவிடுவாள். பவுனம்பாளின் முன்மயிர் நரைத்தது, பிறகு பின்மயிரும் நரைத்தது, கன்னம் உள்ளே போயிற்று. உத்திராபதி நாற்பதிலேயே இருந்தார்.

தாலுகா அலுவலகத்தில் ஒருநாள் புதிதாக வந்த எழுத்தர், வேம்பு கைப்பேசியில் எடுத்துக் கொடுத்து பவுனம்பாள் கொண்டுவந்து நீட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, "அடப் பாவமே, நல்ல வயசு. உன் மகனாம்மா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரருங்க."

எழுத்தர் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். "வயசு ஒத்துவரலையேம்மா."

"அவருக்கு அதோட நின்னுபோச்சுங்க. எனக்கு ஓடுது."

"அப்ப உறவுமுறைச் சான்றிதழ் வாங்கிட்டு வா. மனைவிதான்னு யாராச்சும் கையெழுத்துப் போடட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பவுனம்பாள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். முதன்முறையாகத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த அலுவலகத்தில் தேநீர் வாங்கிவந்து கொடுக்கிற, கோப்புகளை மேசை மாற்றி வைக்கிற தனபாக்கியம் என்ற உதவியாளர் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் ஃபைலை நாந்தான் இத்தனை வருசமா இங்கேயிருந்து அங்கே தூக்கி வைக்கிறேன். மேல என்ன குறிச்சிருக்கான் தெரியுமா? உடல் நல்ல நிலையில் உள்ளது, சுகாதாரக் கேடு இல்லை, அவசரம் இல்லை. அப்படித்தான் போட்டிருக்கான்."

"நல்ல நிலையிலதான் இருக்காரு."

"அதான்க்கா தப்பாப் போச்சு. மூணாம் நாள் நாறியிருந்தார்னா கலெக்டரே செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடியாந்திருப்பாரு. டிவிக்காரன் வந்திருப்பான். பாலம் கட்டித் தொலைச்சிருப்பாங்க. உன் வீட்டுக்காரரு ரொம்ப மரியாதையா இருந்துட்டாரு. நாறாத பிணத்துக்கு இங்க அவசரமே கிடையாதுக்கா."

பவுனம்பாள் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பேருந்தில் ஏறாமல் நடந்தே ஊர் வந்தாள். வழியெல்லாம் அந்த வேப்பமரத்தடி அவள் கண்ணில் இருந்தது. அன்று தேடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தோமே, அது நம்மால் முடிந்ததே, இப்போது ஏன் இத்தனை காலம் நிற்கவிட்டோம் என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து காத்திருந்தார்கள். வேம்புவைப் பெண் கேட்டுப் பேசி முடித்தவர்கள். நல்ல சனம். பையனின் தாயார் பவுனம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. பெத்தவரு எடுக்காமக் கிடக்கையில பொண்ணு கழுத்துல எப்படித் தாலி ஏத்தறது? போன தையும் போச்சு, அதுக்கு முந்தின தையும் போச்சு. எங்க வீட்டுப் பெரியவங்க வேற இடம் பாருங்கறாங்க" என்றாள். சொல்லும்போது அவளும் அழுதாள்.

அவர்கள் போனபின் வேம்பு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குக் கல்யாணம் வேணாம்மா. அப்பா இப்படியே இருக்கட்டும்."

"பைத்தியக்காரி."

"நீ நின்ன அப்பாவைப் பார்த்திருக்க, நடந்த அப்பாவைப் பார்த்திருக்க. எனக்குத் தெரிஞ்ச அப்பா இவருதாம்மா. இவரையும் எடுத்துட்டா எனக்கு யாரு இருக்கா?"

பவுனம்பாள் மகளின் தலையை மடியில் வைத்து, நெடுநேரம் பேன் பார்ப்பதுபோல் விரலால் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு எழுந்து தாழைவேலிக்கு அந்தப்பக்கம் போய், அடுப்புகளின் நடுவில் நின்று, தான் செய்யப்போவதைத் தெருவுக்குச் சொன்னாள்.

கோவிந்தம்மாதான் முதலில் பேசினாள். "அண்ணி, பிணத்துக்கு முன்னாடி பொய்யா? நாக்கு அழுகிப்போயிடும்."

"அழுகட்டும்."

அஞ்சான் இப்போது தடியூன்றித்தான் நடப்பார். "ஆய்வாளர் வருவாருன்னு அவன் தலைமாட்டில நின்னு சொன்னவன் நான்தானே. இதையும் நானே சொல்லிடறேன் தாயி. நாக்கு போனா வயசான நாக்கு போகட்டும்" என்றார்.

"வேணாம் மாமா. அரசாங்கம் நில்லுன்னா நிப்பாரு. வான்னா என் பேச்சுக்குத்தான் வருவாரு."

அந்தப் பொய்யை அவரிடம் சொன்ன பிறகு உடல் தாங்காது, நேரம் இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே மறுநாள் காலையில் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்தார்கள். அக்கரைக்கு நீந்திப்போய்க் கட்டை அடுக்கினார்கள். பச்சை மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள். தூக்குகிறவர்கள் குளித்து ஈரவேட்டியோடு பந்தலுக்கு வெளியே நின்றார்கள். உத்திராபதிக்குக் கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை; நான் வைப்பேன் என்று வேம்பு சொன்னாள், யாரும் மறுக்கவில்லை. அவள் அன்றைக்கும் அப்பாவின் தலையை வாரிவிட்டாள். வகிடு நேராக வந்ததா என்று எட்டிநின்று பார்த்தாள், மறுபடி கலைத்து மறுபடி வாரினாள், கோவிந்தம்மா வந்து சீப்பை வாங்கிக்கொள்ளும்வரை.

உச்சிவெயிலில் பவுனம்பாள் கணவரின் காதருகே உட்கார்ந்தாள். ராகம் போடவில்லை, வீட்டுக்குள் பேசுகிற குரலிலேயே சொன்னாள்.

"ஏங்க. ஐயா வந்துட்டாருங்க. வந்து நேர்லயே பார்த்துட்டாரு. உங்க மனுவைக் கையில வச்சிருந்தாரு. எழுத்து நல்லாயிருக்குன்னு சொன்னாரு. பாலம் கட்டியாச்சுங்க. வாய்க்காலுக்கு மேல, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு. உங்களை எடுக்கலாமுன்னு சொல்லிட்டாரு. நீங்க நின்னது போதும். வாங்க, போகலாம்."

பந்தலுக்குள் ஒரு ஈ வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஒருமுறை சுற்றி, உத்திராபதியின் கன்னத்தில் உட்கார்ந்தது. பவுனம்பாளின் கை தானாக எழுந்தது. அவள் அந்தக் கையை மறுகையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

பிறகு மாலையின் சாமந்தி ஒவ்வொன்றாகக் கருகியது. நெற்றிக்காசு மங்கியது. அவர் காத்திருந்த காலமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர்மேல் ஏறிற்று. காதோரம் நரைத்தது, மீசை நரைத்தது, வேம்பு வாரிவிட்ட தலை முழுவதும் நரைத்தது, கண்ணோரம் சுருங்கியது, கன்னம் உள்ளே போனது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வயதில் இருந்தார்கள். இவரோடு கிழவியாகியிருந்தால் இந்த முகத்தைத்தான் தினமும் பார்த்திருப்போம் என்று பவுனம்பாள் அதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பார்க்கக் கிடைக்கும் என்று நினைத்தாள். ஆனால் அந்த முகமும் நிற்கவில்லை, வாடை எழுந்தது, அவள் தன் முந்தானையை இழுத்து அவர் முகத்தை மூடினாள்.

"தூக்குங்க" என்றாள்.

பறை அடிக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகக் கரைக்கு வந்தார்கள். வடிகாலில் அன்று தண்ணீர் நிறைய இருந்தது. முன்னால் தூக்கியவர்கள் ஓசைப்படாமல் காலை வைத்து இறங்கினார்கள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பாடையைத் தலைக்குமேல் உயர்த்திக் கைகளை விறைப்பாக நீட்டி, மேடுபள்ளம் இல்லாத சிமெண்டுத் தளத்தில் நடக்கிறவர்களைப்போல ஒரே சீராக நடந்தார்கள். தீச்சட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வேம்பு இறங்கினாள். பவுனம்பாள் தலைமாட்டுப் பக்கமாக, ஒரு கையால் மூங்கிலைத் தாங்கிக்கொண்டு இறங்கினாள்.

கரையில் நின்ற கோவிந்தம்மாவால் தாங்க முடியவில்லை. நாக்கு அழுகும் என்று பயந்தவள் அவள்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்து உரக்கச் சொன்னாள்: "பரவாயில்லையே! ரெண்டு பக்கமும் கைப்பிடியெல்லாம் வச்சிருக்கானே!"

"அகலமா இருக்குத்தா, மாட்டுவண்டியே போகும்" என்றார் அஞ்சான், தடியை ஊன்றித் தண்ணீருக்குள் ஓரடி வைத்தபடி.

"சிமெண்டு வாசம்கூடப் போகல" என்றான், பல் கிடுகிடுக்க, பாடையின் முன்முனையைத் தாங்கியவன்.

நடுவாய்க்காலில் பின்னால் வந்தவனின் கால் சேற்றில் புதைந்தது. பாடை ஒருபக்கம் சரிந்தது, தண்ணீர் எழும்பி மூங்கிலில் அறைந்தது, கோடித்துணியின் ஓரம் நனைந்து கனத்தது. தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாடை நிமிர்ந்தது. பவுனம்பாள் தொங்கிய துணியை எட்டிப் பிடித்து, சத்தம் வராமல் உள்ளங்கைக்குள் பிழிந்து, அவர்மேல் எடுத்துப் போட்டாள். தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணாந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஒண்ணுமில்லீங்க. பாலத்துக்குக் கீழே தண்ணி ஓடுது. அந்தச் சத்தந்தான்."